சென்னைக் கடலோரம்: பெருகும் மக்களும் சுருங்கும் நீர்நிலமும்

வடக்கே பழவேற்காட்டிலிருந்து தெற்கே கோவளம் வரை ஏறத்தாழ 70 கி.மீ. நீளும் கடலோரம், இந்தியாவில் மக்கள் மிக நெருங்கி வாழும் கரைகளுள் ஒன்று. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகியவற்றின் முகத்துவாரங்களும் முட்டுக்காட்டு உப்பங்கழியும் இதற்குள் அடங்குகின்றன. 1901-இல் சென்னையின் மக்கள்தொகை 5 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகரத் திரட்சியில் 86.5 லட்சம் பேர் இருந்தனர். ஒரு நூற்றாண்டில் மக்கள்தொகை இப்படிப் பெருகியபோது, அவர்களுக்கு நீர் தந்து வெள்ளத்தையும் தாங்கிய ஏரிகளும் கழுவெளிகள் எனப்படும் சதுப்பு வெளிகளும் மணல்மேடுகளும் தொடர்ந்து சுருங்கின. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தால், கடலோரச் சூழலின் கதியை மக்களின் எண்ணிக்கையைவிட, அவர்கள் எந்த நிலத்தில் குடியேறினர், எந்த நீரை நம்பினர் என்பதே பெரிதும் தீர்மானித்திருப்பது தெரியவரும்.

வளர்ச்சியின் தன்மை

தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் தணிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம் 1.8; மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான 2.1-ஐவிட இது குறைவு. ஆகவே சென்னைக் கடலோரத்தின் பெருக்கத்துக்குப் பெருங்காரணம் இடப்பெயர்வு. தொழிற்சாலை, துறைமுகம், மென்பொருள் நிறுவனம், கட்டுமானம், கல்வி ஆகியவற்றை நாடிப் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து சேர்கின்றனர்.

வந்தவர்கள் எங்கே தங்கினர் என்பதையும் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7 சதவீதமே கூடியது. சதுர கி.மீ-க்கு 26,553 பேர் வாழ்ந்த அந்த மாவட்டத்தில் மேலும் இடம் இல்லை. அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதமும் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் வளர்ந்தன. நகரின் மையத்தில் நிலவிலை ஏற ஏற, நடுத்தரக் குடும்பங்களும் ஏழைகளும் புறநகருக்குத் தள்ளப்பட்டனர். புறநகரில் மலிவாகக் கிடைத்த நிலத்தின் பெரும்பகுதி ஏரிப் பாசன வயலாகவும் தாழ்வான மேய்ச்சல் நிலமாகவும் கழுவெளி விளிம்பாகவும் இருந்தவை. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. ஆக விரிந்தது. 2022-இல் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கி.மீ-லிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக உயர்த்தப்பட்டது. நகரம் வேகமாக வளரும் இடமும் நீர் தேங்கி வடியும் இடமும் ஒன்றாகிப் போனதுதான் இந்தக் கடலோரத்தின் அடிப்படைச் சிக்கல்.

நிலமும் நீரும்

சென்னையின் கடலோர நிலம் கிட்டத்தட்டத் தட்டையானது. பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே உள்ளது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்யும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கொட்டித் தீர்க்கிறது. சில வாரங்களில் வரும் நீரை ஆண்டு முழுவதும் பயன்படுத்த முன்னோர் கண்ட வழி ஏரி. மேட்டு ஏரி நிறைந்தால் மிகுநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இப்படித் தொடர்தொடராக இறங்கிய நீர், கடைசியில் கழுவெளியில் பரவி, முகத்துவாரம் வழியாகக் கடலைச் சேரும். மணல்மேடுகள் மழையை உறிஞ்சி அடியில் நன்னீரைத் தேக்கின. உப்பங்கழிகளிலும் சதுப்பிலும் அலையாத்திச் செடிகள் வளர்ந்தன. மீனும் இறாலும் அங்கே பெருகின.

வருவாய்த் துறைப் பதிவேடுகள் இந்நிலத்தை வேறு கண்ணால் பார்த்தன. வரி தராத சதுப்பும் மேய்ச்சல் வெளியும் புறம்போக்கு அல்லது தரிசு என்று எழுதப்பட்டன. குப்பை கொட்டவும், சாலை போடவும், அரசு நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கவும், பட்டா வழங்கவும் அந்தப் பதிவு வசதியாக அமைந்தது.

பள்ளிக்கரணை

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இதற்குத் தெளிவான சான்று. சுமார் 250 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள பல ஏரிகளின் மிகுநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயையும் கோவளம் முகத்துவாரத்தையும் அடைகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் இந்நிலம், இன்று அதில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. 1980-கள் முதல் பெருங்குடியில் மாநகரின் குப்பை கொட்டப்பட்டது. துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டியது. பழைய மாமல்லபுரம் சாலை மென்பொருள் வழித்தடமாக விரிவாக்கப்பட்டதும், அதன் இருபுறமும் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன.

அரசின் போக்கு மாறத் தொடங்கியது 2007-இல். அவ்வாண்டு சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அந்த எல்லை பிறகு விரிந்தது. 2022-இல் 1,247.54 ஹெக்டேர் பரப்பு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக, ஏற்கப்பட்டது. இப்பரப்பில் காப்புக்காட்டுக்கு வெளியேயுள்ள நிலங்களும் அடங்குவதால், எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்ற வழக்குகள் தொடர்கின்றன. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பின் தாக்கப் பகுதி வரையறுக்கப்படும்வரை ராம்சர் எல்லையிலிருந்து 1 கி.மீ. தொலைவுக்குள் கட்டுமான அனுமதி வழங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே வீடு வாங்கியவர்கள் அரசு தந்த அனுமதியை நம்பி வாங்கினர். பாதுகாப்பு காலம் கடந்து வந்தால் அதன் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்வியை இவ்வுத்தரவு முன்னுக்குக் கொண்டுவந்தது.

நீர்நிலங்களில் கட்டியதன் விளைவு பள்ளிக்கரணைக்கு அப்பால் அடையாற்றங்கரையிலும் வெளிப்பட்டது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மி.மீ. அளவுக்கு மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட, அடையாறு கரைபுரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோரப் பகுதிகள் மூழ்கின. நீர் திறப்பில் நேர்ந்த தவறுகளைச் சுட்டிக்காட்டிய இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. ஏரித் தொடர்கள் அறுந்திருந்ததும், வெள்ளச் சமவெளியில் வீடுகள் நிறைந்திருந்ததும் சேதத்தைப் பெருக்கின.

மறுகுடியமர்வின் முரண்

ஆற்றங்கரைக் குடிசைப் பகுதிகளே நீர்வழிக்குத் தடை என்ற கருத்து நிர்வாகத்தில் நெடுநாளாக நிலவுகிறது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவர் குடும்பங்களும் அவற்றில் சேர்ந்தன. ஆனால் இக்குடியிருப்புகள் எழுந்த இடமே பள்ளிக்கரணை வடிகாற்பகுதியின் தாழ்நிலம். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பெருமழைக்காலங்களில் திரும்பத் திரும்ப வெள்ளத்தில் சிக்கியுள்ளன.

இடம்பெயர்ந்தோர் வேலை பார்த்த வீடுகளும் சந்தைகளும் நகரின் மையத்திலேயே இருந்தன. நாள்தோறும் 20 கி.மீ-க்கு மேல் பயணம் செய்ய முடியாத பெண்கள் பலர் வேலையை விட்டனர். ஒரு நீர்வழியை விடுவிக்க இன்னொரு நீர்வழியில் குடியேற்றம் நடந்ததால், சூழலுக்கும் நிகரப் பயன் கிடைக்கவில்லை. அதே காலத்தில் பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. நீர்வழியின் மீதான சுமையில் அரசுத் திட்டங்களின் பங்கு குடிசைகளின் பங்கைவிடக் குறைவானது என்று சொல்ல முடியாது.

நிலத்தடியில் புகும் கடல்

கடலோர மணலின் அடியில் நன்னீர், தன்னைவிட அடர்த்தியான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. பொதுவான கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் நிற்கும் நன்னீர், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீரைத் தள்ளிவைக்கும். மேலே ஒரு மீட்டர் இறைத்தால், கீழே எல்லை பலமடங்கு உயரும் என்பதே இதன் பொருள். ஆகவே கடலோரத்தில் கிணற்று நீர்மட்டத்தின் சிறு சரிவும் பெரும் இழப்பாகிறது.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் இது நேர்ந்தது. ஆரணியாறு–கொசஸ்தலையாற்றுப் படுகையில் 1960-களில் இருந்து நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாசனத்துக்கும் நிலத்தடி நீர் மிகையாக இறைக்கப்பட்டது. கடல்நீர் ஆண்டுதோறும் உள்ளே முன்னேறி, பிற்காலத்தில் 10 கி.மீ-க்கும் அப்பால் எட்டியது. கிணறுகள் உவர்ந்தன, நெல் வயல்கள் தரிசாகின. இதைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென நிலத்தடி நீர்ச் சட்டம் 1987-இல் வந்தது. திருவான்மியூர் முதல் முட்டுக்காடு வரையிலான மணற்படுகையும் அதே ஆபத்தின் விளிம்பில் உள்ளது.

உள்ளூர் நீர் போதாமற்போனபோது நகரம் தொலைவுக்குக் கைநீட்டியது. 1983 ஒப்பந்தத்தின்படி ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் 1996 முதல் வந்தது. வீராணம் ஏரியின் நீர் 2004 முதல் குழாயில் வந்தது. ஆயினும் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. நான்கே ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் மூழ்கிய நகரம் அது. இரு பேரிடர்களுக்கும் வேர் ஒன்றே: மழைநீரைத் தேக்கும் நிலம் குறைந்ததால் பெய்தபோது வெள்ளமும் பொய்த்தபோது வறட்சியும் கடுமையாயின.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இன்று காப்பீடாகக் கருதப்படுகின்றன. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் இயங்கத் தொடங்கின. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் திறனில் மற்றொன்று கட்டப்படுகிறது. மழை பொய்த்தாலும் இவை நீர் தரும். ஆனால் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் மூன்று, நான்கு அலகு மின்சாரம் செலவாகிறது. செறிந்த உவர்நீர் கடலுக்கே திரும்புகிறது. நெம்மேலி ஆலையை அடுத்த சூளேரிக்காட்டுக்குப்பத்தில் கடலரிப்பு கூடியதாக மீனவர்கள் முறையிட்டனர். நகரின் தாகம் தீரும்போது, அதன் விலையைக் கரையோரச் சிற்றூர் சுமக்கிறது.

துறைமுகங்களும் நகரும் மணலும்

இக்கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தின் நீண்ட மாதங்களில் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகரும் மணலில், ஆண்டு நிகரம் வடக்கே செல்கிறது. குறுக்கே ஒரு தடுப்பு வந்தால் தெற்கில் மணல் சேரும்; வடக்கில் கரை அரிக்கும். 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்துக்குப் பின் மெரினாவின் மணற்பரப்பு அகன்றது இவ்வாறுதான். வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. மீனவர் தெருக்கள் பலவற்றைக் கடல் கொண்டது. கருங்கல் தடுப்புகள் போடப்பட, அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் அதை அடுத்த பத்தாண்டில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயல்படத் தொடங்கியதும் அதே விளைவு பழவேற்காட்டின் திசையில் நீண்டது.

எண்ணூர்க் கழிமுகம் வடசென்னையின் பள்ளிக்கரணை எனத் தக்கது. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் மணலித் தொழிற்பகுதியின் கழிவும் அதன் ஆழத்தையும் உயிர்வளத்தையும் குறைத்துள்ளன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்தில் பரவி, காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. நகரின் மின்சாரமும் எரிபொருளும் உரமும் உருவாகும் இடத்தில் வாழ்வோர், அவற்றின் கழிவோடும் வாழவேண்டியதாகிறது.

பழவேற்காட்டு ஏரி மற்றோர் அனுபவத்தைத் தருகிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இங்கே பட்டினவர் என்னும் மீனவச் சாதியினரின் ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை வழக்கிலுள்ளது: இறால் கிடைக்கும் நீர்ப்பகுதிகள் பிரிக்கப்பட்டு, உரிமை பெற்ற குடும்பங்களுக்கு முறைவைத்து ஒதுக்கப்படுகின்றன. ஒரு நாளில் எத்தனை வலை இறங்கலாம் என்பது ஊர்க் கட்டுப்பாட்டில் இருப்பதால் ஏரி மிகையாகச் சுரண்டப்படுவது தடுக்கப்பட்டது. அதே முறை பிற சாதியினரையும் புதிதாகத் தொழிலுக்கு வந்தோரையும் விலக்கிவைத்தது என்ற குறையும் உண்டு. ஆட்களின் பெருக்கத்தை வளத்தின் அளவோடு பொருத்தும் ஏற்பாடு எதுவாயினும், யாரைச் சேர்க்கிறது, யாரைத் தள்ளுகிறது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டத்தின் அளவுகோல்

கடற்கரையைக் காக்கும் தேசிய முயற்சி 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தோடு தொடங்குகிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானம் தவிர்க்கப்பட வேண்டும் என்றது அக்கடிதம். 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. சூழல் நுண்மை மிக்க பகுதி, ஏற்கெனவே கட்டப்பட்ட நகர்ப்பகுதி, ஊர்ப்புறப் பகுதி எனக் கரை வகைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றிலும் அனுமதிக்கத் தக்க செயல்கள் வரையறுக்கப்பட்டன. 2011-இல் திருத்தி வெளியான அறிவிக்கை, மீனவர் ஊர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் வரைபடத்தில் குறிக்கக் கோரியது.

2019 அறிவிக்கை மக்கள்தொகையையே அளவுகோலாக்கியது. 2011 கணக்குப்படி சதுர கி.மீ-க்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறக் கடலோரத்தில், கட்டுமானத்துக்குத் தடையுள்ள பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. அடர்த்தி குறைந்த ஊர்களில் 200 மீட்டர் நீடித்தது. நகர்ப்பகுதிகளில் 1991 நிலையில் நிறுத்தப்பட்டிருந்த கட்டடத் தளப்பரப்பு வரம்பும் தளர்ந்தது. நெருக்கடியில் வாழும் மீனவர் குடும்பங்களுக்கு வீடு கட்ட இடம் கிடைக்கும் என்பது இதற்கான நியாயம். அதே தளர்வு விடுதிகளுக்கும் நிலவணிகத்துக்கும் வழி திறக்கிறது. புயலும் அரிப்பும் உள்ள கரையில், கூடுதல் மக்கள் வாழும் இடத்துக்குக் குறைந்த பாதுகாப்பு இடைவெளி என்ற விதி, ஆபத்தின் தர்க்கத்துக்கு நேர்மாறானது. மீனவர் வாழ்விடத் தேவையைத் தனியே ஏற்று, வணிகக் கட்டுமானத்துக்கு முந்தைய இடைவெளியை வைத்திருந்தால் இரு நோக்கங்களும் நிறைவேறியிருக்கும்.

பலனளித்த முயற்சிகள்

சரியான இடத்தில் எடுத்த நடவடிக்கைகள் பயன் தந்திருப்பதற்கும் இக்கரையிலேயே சான்றுகள் உண்டு. 2003-இல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மணற்பாங்கான தென்சென்னையில் பல இடங்களில் கிணற்று நீர்மட்டம் ஏறியது; உவர்ப்பு தணிந்தது. பராமரிப்பு குறைந்த இடங்களில் பயனும் குறைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் மணற்பரப்பில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டத்தை அங்கு வாழ்வோர் எதிர்த்ததும் இந்த அனுபவத்தின் அடிப்படையில்தான்: மண் தானே உறிஞ்சும் நீரை வடிகால் வழியே கடலுக்கு அனுப்பினால் நன்னீர்ப் படுகை வறண்டு கடல்நீர் புகும் என்றனர்.

கழிவுநீரை மீண்டும் பயன்படுத்துவதில் சென்னைக்கு முப்பதாண்டு முன்னோடி அனுபவம் உண்டு. மணலியின் பெருந்தொழிற்சாலைகள் 1990-களிலிருந்தே நகரின் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கித் தூய்மையாக்கிப் பயன்படுத்தின. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம்நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் செயல்பாட்டுக்கு வந்தன. தொழிற்சாலைகளுக்கு இந்நீர் செல்வதால் அந்த அளவு நன்னீர் குடிநீருக்கு மிஞ்சுகிறது. மக்கள் கூடக் கூட அளவில் கூடும் ஒரே நீராதாரம் கழிவுநீர் என்பதால், வளரும் கடலோர நகருக்கு இது மிகப் பொருத்தமான வழி.

அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் நிறைந்திருந்த 58 ஏக்கர், சீரமைக்கப்பட்டு 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அலையாத்திச் செடிகளும் நீர்ப்பறவைகளும் அங்கே திரும்பின. பெருங்குடியில் பழைய குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் பணி நடந்துவருகிறது. கடலில், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகளுக்கு மாநிலத்தின் 1983 கடல் மீன்பிடிச் சட்டம் தடைவிதிக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. ஆயினும் 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் இழுவை வலைகளில் சிக்கியதாகக் கருதப்படும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியது, சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் கடலில் செயல்படுவதற்கும் உள்ள தூரத்தைக் காட்டியது.

சமநிலைக்கான வழிகள்

இவ்வனுபவங்களிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, திட்டமிடலின் அலகு நிர்வாக எல்லையாக இல்லாமல் ஆற்றுப்படுகையாக இருக்க வேண்டும். ஓர் ஏரியின் வரத்துக்கால் ஓர் ஊராட்சியிலும் கலங்கல் மாநகராட்சியிலும் இருக்கும்போது, இரண்டையும் ஒரே வரைபடத்தில் காணாமல் வீட்டுமனைக்கு ஒப்புதல் தருவது வெள்ளத்தை வரவழைப்பதாகும். கழுவெளி, வெள்ளச் சமவெளி, மணற்படுகை ஆகியவற்றின் எல்லைகள் சர்வே எண் வரை குறிக்கப்பட்டு, நிலம் வாங்கும் எவரும் முன்கூட்டியே பார்க்கும்படி இருந்தால் பின்னாளைய வழக்குகள் குறையும்.

இரண்டாவது, அடர்த்தி தன்னளவில் சூழலுக்குப் பகையன்று. மேடான நிலத்தில், ரயில், மெட்ரோ நிலையங்களை ஒட்டி, நெருக்கமாகவும் உயரமாகவும் கட்டுவது, தாழ்நிலத்தில் தனித்தனி வீடுகளாகப் பரவுவதைவிடக் குறைந்த நிலத்தையே விழுங்கும். நகரின் மையத்தில் ஏழைகளுக்கு வாடகை வீடு கிடைத்தால் ஆற்றங்கரையில் குடிசையும் கழுவெளியில் மறுகுடியமர்வும் தேவைப்படா. வீட்டுவசதிக் கொள்கை இவ்வகையில் சூழல் கொள்கையின் ஒரு பகுதியே.

மூன்றாவது, நீர்த்தேவையின் வரிசை. ஏரிகளைத் தூர்வாரி மழையைத் தேக்குவது, நிலத்தடியில் செறிவூட்டுவது, கழிவுநீரைத் திருப்பிப் பயன்படுத்துவது, குழாய்க் கசிவைக் குறைப்பது ஆகியவை முதலிலும், கடல்நீர் ஆலை கடைசியிலும் வரவேண்டும். நான்காவது, சுமையின் பங்கீடு. எண்ணூரும் பெரும்பாக்கமும் சூளேரிக்காட்டுக்குப்பமும் நகரம் பெறும் வசதிகளின் விலையைச் செலுத்துகின்றன. புதிய துறைமுகமோ ஆலையோ குடியிருப்போ திட்டமிடப்படும்போது, அப்பகுதி ஏற்கெனவே தாங்கும் மொத்தச் சுமையையும் சேர்த்து மதிப்பிடுவதே நேர்மையான ஆய்வு.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக்கென 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. அடுத்த இருபதாண்டுக்கான மூன்றாம் திட்டம் தயாராகிவருகிறது. 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-க்குப் பிந்தைய வளர்ச்சி முழுமையாக எண்ணப்படாமலேயே இப்பணி நடக்கிறது. எனினும் நீர் எங்கே நிற்கும், எவ்வழியே வடியும் என்பதை 2015, 2023 வெள்ளங்கள் தெரு வாரியாகக் காட்டிவிட்டன. புதிய குடியேற்றத்துக்கு ஒதுக்கப்படும் நிலங்கள் அந்தத் தடங்களுக்கு வெளியே அமைகின்றனவா என்பதைக் கொண்டே இத்திட்டம் மதிப்பிடப்பட வேண்டும்.